உறைநிலத்தில் ஒரு இறால்

லண்டன் தமிழ் வீட்டு ஃப்ரீசரில் இருக்கும் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீமைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். எனக்கும் இது தெரிந்துதான் இருந்தது. ஆனால் அன்று நான் பொறியியலாளராகும் அவசரத்தில் இருந்தேன்.

ஊரில் வாங்கிய பட்டத்தோடு, நோர்பரியில் என் மனைவி ரஞ்சியின் அண்ணன் நடத்திய பெட்ரோல் ஸ்டேஷனில் கவுண்டருக்குப் பின்னால் வருடக்கணக்காக நின்றேன். "பெட்ரோல் விக்கிறதும் எண்ணெய்த் தொழில்தானே தம்பி" என்று மச்சான் நக்கலடிப்பார். (சம்பளம் தருபவர். சிரித்துத்தானே ஆகவேண்டும்!) அப்போதுதான் அந்த நேர்முகம் வந்தது. உறைநிலங்களில் எரிவாயுக் கிணறு கட்டுவதற்குத் திட்டம் போடும் கம்பெனி. இதையும் விட்டால் ஆயுளுக்கும் கவுண்டர்தான் கதி.

ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் நிலத்தைத் துளைத்துக் கிணறு கட்டினால், அடியிலிருந்து சூடாக ஏறும் வாயு சுற்றியுள்ள மண்ணை உருக்கிவிடும். மண் சேறாகும், கிணறு சாயும். அதனால் சூடு வெளியே போகாதபடி குழாய்க்கு உறை போடுவார்கள். இதை வாயால் சொன்னால் போதாதா? செய்து காட்டினால்தான் ஆயிற்று என்று அடம்பிடித்தேன். தோட்டத்து மண்ணைக் குழைத்து, ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு உறைய வைத்தேன்.

நேர்முகத்தில் ஒரு அம்மையாரும் அவருடைய உதவியாளரும் இருந்தார்கள். டப்பாவைத் திறந்தேன். மண்ணிறம், ஓரத்தில் பச்சையாக ஏதோ இலை. புல்லாக்கும் என்று நினைத்தேன். இரண்டு துளை போட்டு, அடி மூடிய இரண்டு செப்புக் குழாய்களை இறக்கினேன். ஒன்று வெறுங்குழாய், மற்றது கம்பளி சுற்றியது. பிளாஸ்கிலிருந்து கொதிநீரை இரண்டிலும் ஊற்றினேன். வெறுங்குழாய் மெல்லச் சாய்ந்தது. பெருமையோடு நிமிர்ந்தேன். அறையெல்லாம் நண்டு மணந்தது. குழாயடியில் ஒரு இறால் தலை காட்டியது.

"உங்கள் உறைநிலத்தில் இறாலும் உண்டா?" என்று கேட்டார் அம்மையார்.

ஒடியற் கூழ்! அன்று மத்தியானம் வரவிருந்த அண்ணனுக்காக பனங்கிழங்கு மாவில் நண்டும் இறாலும் கீரையும் போட்டு ரஞ்சி காய்ச்சி வைத்த கூழ். அப்படியென்றால் என் மண்?

வெளியே வந்ததும் அவளுடைய போன்.

"இஞ்சாருங்கோ, டப்பாவுக்குள்ள என்னத்தை வச்சனீங்கள்? மைக்ரோவேவில சூடாக்கி அண்ணைக்குக் குடுத்துப்போட்டன்!"

"ஐயோ! குடிச்சிட்டாரே?"

"ஒரு வாய் குடிச்சவர். உப்புக் காணாது எண்டு சொல்றார்!"

வேலை போச்சு, மச்சான் கடையும் போச்சு என்று ரயிலில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அடுத்த வாரம் அந்த அம்மையார் அழைத்தார். கிணறு சாய்ந்த விதம் சரியாக இருந்ததாம். வேலை உண்டு, சாப்பாடு மட்டும் கொண்டுவர வேண்டாம் என்றார். கவுண்டரில் எனக்குக் கடைசி நாளன்று மச்சான் ஒரு பைக்கற் உப்பைக் கையில் வைத்தார். "அடுத்த கிணத்துக்குப் போடும்!" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

மச்சான் இப்போது இல்லை. அந்த நக்கலைக் கேட்க மனம் கிடந்து ஏங்குகிறது. எங்கள் வீட்டில் கூழ் காய்ச்சினால், முதல் வாய் குடித்ததும் ரஞ்சி சொல்லுவாள்: "உப்புக் காணாது."

உப்புச் சரியாகத்தான் இருக்கும். நான் எழுந்துபோய் எடுத்து வருவேன்.