பாஸ்போர்ட்டுக்கு மஞ்சள் குங்குமம்

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தமும் பட்டுப்புடவை விற்க மட்டுமே உதவும். அதை வைத்துக்கொண்டு டாக்டரிடம் காய்ச்சல் என்று சொல்ல முடியாது, யாரிடமும் வழி கேட்க முடியாது. "ஒன்லி சீ சார், நோ பை, நோ ப்ராப்ளம்" என்று ஆரம்பித்து "லாஸ்ட் பீஸ் மேடம்" என்று முடிந்துவிடும். காஞ்சிபுரத்தில் காந்தி ரோடு பக்கம் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்த புதிதில் ஓனர் கற்றுக்கொடுத்தது அது. நானும் அதைக் குளிக்கும்போதுகூடச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வெள்ளைக்கார ஜோடி முதுகில் ஆளுக்கொரு மூட்டையோடு ஊருக்கு வந்தது. அவர் லூக்காஸ், அந்தம்மா ஆன்னா (பெயரெல்லாம் பின்னால் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டது). இந்தியாவுக்கே முதல் தடவை, காஞ்சிபுரத்தில் இரண்டாவது நாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதிலிருந்தே எங்கள் ஊர்ப் புரோக்கர்கள் அவர்களை மொய்த்துவிட்டார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தால் "சில்க் சார்?" இட்லி சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து டேபிளிலிருந்து "தறி பாக்கறீங்களா சார்?" பாவம், யார் சிரித்தாலும் பயப்படும் நிலைமைக்கு வந்திருந்தார்கள்.

அன்றைக்கு மதியம் அவர்களாகவே எங்கள் கடைக்குள் நுழைந்தார்கள். புடவைக்காக இல்லை. ஆன்னாவுக்கு அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது.

நான் விடுவேனா? அந்தம்மா திரும்பி வருவதற்குள் லூக்காஸை மெத்தையில் உட்கார்த்தி, கையில் காபியைத் திணித்து, புடவைகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டேன். எங்கள் கடையில் வேலை செய்த காமாட்சி அக்கா ஆன்னாவுக்கு ஒரு அரக்குச் சிவப்பைச் சுற்றிவிட்டார். கொசுவம் வைக்க இடைஞ்சலாக இருந்ததால் இடுப்பில் கட்டியிருந்த சின்னப் பையை ஆன்னா கழற்றி ஓரமாக வைத்தார். நான் "லாஸ்ட் பீஸ், லாஸ்ட் பீஸ்" என்று சொல்லிச் சொல்லியே அலமாரியில் பாதியைக் காலி செய்தேன். லூக்காஸ் தலையில் ஜரிகைத் தலைப்பாகை கட்டி, மூன்றாவது காபியை நீட்டியபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடி புடவை ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம். மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டார்கள்.

புடவைகளை மடிக்கும்போதுதான் அடியில் அந்தப் பை கிடைத்தது. ஜிப்பைத் திறந்தால் இரண்டு பாஸ்போர்ட்.

ஓனர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சாயந்திரம் மகாபலிபுரம் போறோம்னு அந்த ஆளு சொல்லிக்கினு இருந்தாரேபா! பாஸ்போர்ட் இல்லாம எவன் ரூம் குடுப்பான்? நேரா போலீசுக்குத்தான் போவாங்க. பட்டுக்கடையில புடுங்கிக்கினாங்கன்னு சொன்னா, நான் உன்னைக் கைகாட்டிட்டுப் போய்க்கினே இருப்பேன். ஓடு!"

அப்படியே ஓடியிருக்கலாம். ஆனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மஞ்சள் குங்குமம் வைக்காமல், கவரில் போடாமல் எதுவும் வாசலைத் தாண்டாது. கேஷியருக்குக் கை தானாக வேலை செய்யும். பாஸ்போர்ட் இரண்டின் மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்தார், பையில் போட்டார், பையைக் கடைப் பெயர் போட்ட பெரிய கவரில் வைத்தார், கூடவே இனாமாக ஒரு ரவிக்கைத் துணி சேர்த்தார், கவர் வாயில் வரிசையாகப் பின் அடித்தார். பிறகு இரண்டு கையாலும் என்னிடம் நீட்டி, "சந்தோஷமா கட்டிக்கங்க" என்றார். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஓனரின் மொபெட்டில் போய் அவர்களைப் பிடித்தபோது பிள்ளையார்பாளையம் போகிற ஷேர் ஆட்டோவில் இருந்தார்கள். நான் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு கவரை ஆட்டினேன். என் வாய் இருக்கிறதே, அது பழகிய பாதையில்தான் போயிற்று.

"சார்! ஒன்லி சீ சார்! நோ மணி! ஃப்ரீ மேடம், ஃப்ரீ!"

"நோ தேங்க்யூ!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

ஆட்டோவில் இருந்த பூக்கார அம்மா ஒருத்தர் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் எகிறினார். "ஏம்பா, அவங்கதான் வேணா வேணான்னு சொல்லிக்கினே போறாங்களே, இன்னாத்துக்கு உசுர வாங்குற? வியாபாரத்துக்கு ஒரு அளவு வேணா?"

"இது வியாபாரம் இல்லம்மா!"

"புடவைக் கவரைக் கையில வெச்சிக்கினு வியாபாரம் இல்லன்றான் பாரு! நீ நிறுத்தாத போப்பா!"

அடுத்த வார்த்தை நான் பேசுவதற்குள் டிரைவர் முறுக்கிவிட்டார். (கவரைப் பிரித்துப் பாஸ்போர்ட்டைக் காட்டியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.)

கைலாசநாதர் கோயிலில் இறங்கி உள்ளே ஓடினார்கள். அந்தக் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் குட்டிக் குட்டிச் சன்னதிகள் வரிசையாக இருக்கும். ஒளிந்து விளையாடவே கட்டியது போலத்தான் எனக்கு அன்றைக்குத் தோன்றியது. நான் ஒவ்வொன்றாகக் குனிந்து எட்டிப் பார்த்தேன். ஒன்றில் ஒரு நாய் தூங்கியது. ஒன்றில் காதல் ஜோடி ஒன்று, உள்ளூர்க்காரர்கள், என்னை அசிங்கமாகத் திட்டினார்கள். இன்னொன்றிலிருந்து ஒரு மூட்டை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நான் அதன் முன்னால் போய் நின்றேன். உள்ளே இரண்டு பேரும் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. வாய் மறுபடியும் "ஒன்லி" என்று ஆரம்பித்தது. அதைக் கஷ்டப்பட்டு அடக்கி, அத்தனை நேரமும் வராத அந்த ஒரே சொல்லைச் சொன்னேன்.

"பாஸ்போர்ட்."

லூக்காஸ் முகம் வெளிறிப்போயிற்று. இதுவரை புடவை வாங்கச் சொன்னவன் இப்போது பாஸ்போர்ட்டே கேட்கிறான்! "நோ பாஸ்போர்ட்! ஹோட்டல்! பாஸ்போர்ட் ஹோட்டல்!" என்று பொய் சொன்னார். பக்கத்தில் ஆன்னா, பாஸ்போர்ட்டைக் காப்பாற்ற இடுப்பைக் கையால் பொத்தினார். பொத்திய கை அப்படியே நின்றது. ஒரு தரம் தடவினார். இன்னொரு தரம் தடவினார். குனிந்து பார்த்தார். அழுகை வந்துவிட்டது.

நான் கவரை நீட்டினேன். பின்களைப் பிய்த்து, ரவிக்கைத் துணியைத் தள்ளிவிட்டு, பையைத் திறந்தவர் பாஸ்போர்ட்டில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அழுதுகொண்டே சிரிக்க ஆரம்பித்தார். லூக்காஸ் வெளியே தவழ்ந்து வந்து என்னை அப்படியே தூக்கிவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. போலீஸ் இல்லை என்கிற நிம்மதிதான் அது.

"யோவ், கோயில்ல இன்னாய்யா கண்ணாமூச்சி?" என்று வாட்ச்மேன் விசிலடித்துக்கொண்டு வந்தார்.

கிளம்பும் முன் என்னை மறுபடியும் சன்னதிக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லி ஆன்னா எடுத்த போட்டோவையும் நடந்ததையும் அவர்கள் ஏதோ ஊர் சுற்றுகிறவர்களுக்கான வலைத்தளத்தில் போட்டுவிட்டார்கள். 'காஞ்சிபுரத்தில் ஒருவர் புடவைக் கவரோடு துரத்துவார். ஓடாதீர்கள், வாங்கிப் பாருங்கள்' என்று எழுதியிருந்தார்களாம். ஓனர் அதைக் கலரில் பிரிண்ட் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். சன்னதிக்குள் தலையை விட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற என்னைப் பார்த்துத்தான் என் மாமனார் வீட்டில் பெண் கொடுக்க முதலில் யோசித்தார்கள்.

இப்போது என் மகள் ஸ்கூல் போகிறாள். வாரத்துக்கு ஒரு நாளாவது டிபன் பாக்ஸை மறந்துவிட்டு வேன் ஏறிவிடுவாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடுவேன். ஜன்னலில் அவளும் அவள் தோழிகளும் தலையை நீட்டி, "நோ தேங்க்யூ!" என்று கோரஸாகக் கத்துவார்கள். வேன் டிரைவரும் நிறுத்த மாட்டார், இன்னும் கொஞ்சம் மெதுவாக உருட்டிக்கொண்டே போவார். பழக்கதோஷம் யாரை விட்டது? "ஃப்ரீ மேடம், ஒன்லி சீ!" என்று நானும் கத்திக்கொண்டே ஓடுகிறேன், கையில் கடைக் கவரோடு. டிபன் பாக்ஸ் மூடியில் குங்குமம் வைத்து அனுப்புவது என் மனைவி.