பொம்மைக்கும் ஹார்மோன் கோளாறு

ஊரே வெயிலில் வரிசை கட்டி நின்றது. தலைக்கு மேலே சூரியன் இனாமாகக் காய்ந்துகொண்டிருக்க, அதே வெயிலைப் பாட்டிலில் அடைத்து விற்கும் மகானைப் பார்க்கத்தான் இத்தனை தள்ளுமுள்ளு!

மகானுக்கு வெயிலடிகள் என்று பெயர். மஞ்சள் திரைக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார். திரை ஓட்டையில் கையை நீட்டினால் போதும். தொடமாட்டார், கதிர் தீட்டாகிவிடுமாம். கைக்கு மேலே ஒரு கல்லை ஆட்டி, வைட்டமின் டி எவ்வளவு, தைராய்டு எப்படி, எந்த ஹார்மோன் எதனோடு சண்டை என்று புட்டுப்புட்டு வைப்பார். மருந்து, கதிர்நீர். பார்த்தால் தண்ணீர், குடித்தாலும் தண்ணீர்.

துணிக்கடையில் பொம்மைகளுக்கு உடை மாட்டும் தங்கைக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, அவளுடைய அக்கா தைராய்டு மாத்திரையைக் குப்பையில் போடும் வரை.

"ஏன்க்கா நிறுத்தின? முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு. பேசிட்டிருக்கும்போதே தூங்கி விழற."

"விஷம் வெளியேறுதாம்டி. அடிகள் சொன்னாரு."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"வைட்டமின் டி சாப்பிட்டா தைராய்டு சரியாயிடுமான்னு கேட்டேன். 'ஆராய்ச்சி நடக்குது, உறுதியாச் சொல்ல முடியாது. உங்களுக்கு ரெண்டும் குறைவு, ரெண்டு மாத்திரையும் போடுங்க'ன்னாங்க. பாவம், ஒண்ணும் தெரியல. அடிகள்கிட்ட எல்லாத்துக்கும் பதில் இருக்கு!"

தங்கை மல்லுக்கட்டவில்லை. அக்காவுக்குத் துணையாகப் போய் வரிசையில் நின்றாள். பெண்கள் திரையோரம் நின்று தங்கள் நோவையெல்லாம் கொட்டினார்கள். முறை வந்ததும் அடிகள் அதையே அவர்களுக்குத் திருப்பிச் சொன்னார். ஞானக்கண் என்று பேர் வாங்கியது, அவருடைய காது!

மறுநாள் கடைப் பொம்மையின் கையைக் கழற்றி, வளையல் மாட்டிப் பையில் வைத்துக்கொண்டு அக்காவோடு போனாள். திரையருகே வந்ததும் குரலை உயர்த்தினாள். "முடி கொத்துக்கொத்தாக் கொட்டுதுக்கா. முழங்கால் வலி உயிர் போகுது!" பிறகு பொம்மைக் கையை ஓட்டைக்குள் நுழைத்தாள்.

கல் ஆடியது. "அடடா! முடி உதிருது, முழங்கால் நோகுது. ஹார்மோன் தாறுமாறா ஓடுது. நாடி எப்படிப் படபடக்குது! ஆறு மாசம் கதிர்நீர் குடிங்க, குழந்தை பாக்கியமும் கிடைக்கும்."

"அப்ப இந்தக் கைய நீங்களே வச்சுக்குங்க சாமி," என்று தங்கை விட்டுவிட்டாள்.

மடியில் விழுந்த கையைக் கண்டு அடிகள் "ஐயோ!" என்று துள்ளியதில் திரை அறுந்து விழுந்தது. பின்னால் சாதாரணக் குழாயடியில் ஒரு கதிர்நீர்ப் பாட்டில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கூட்டம் வாய்பிளந்தது. முதலில் சிரித்தவள் அக்காதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கலகலப்பில் அடிகள் பின்வாசல் வழியே கம்பி நீட்டினார்.

அன்றே அக்கா டாக்டரம்மாவிடம் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு மாத்திரையைத் தொடர்ந்தாள். நாளடைவில் முகவீக்கம் வடிந்து, பழைய வாயாடித்தனமும் திரும்பியது.

ஒருநாள் கடைக்கு வந்த பெரியவர் ஒருவர் தங்கையிடம் உருக்கமாகக் கேட்டார்: "ஏம்மா, அடிகள் இப்ப எங்கே இருக்காரு? பொம்மைக்கே வைத்தியம் பாத்தவராச்சே!"

"பொம்மைக்குத் தலை காலிங்க, அதுக்குச் சரிதான்," என்றாள் தங்கை. "உங்க தலையில ஏதாவது இருந்தா, மொதல்ல அதைக் கேட்டுப் பாருங்க."