அறுபத்திரண்டே முக்காலாம் கல்யாணம்

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று ஊரே கவலைப்பட்டுக் கொண்டிருக்க, பம்பாயில் வட்டி ஏறிவிட்டதா என்று கவலைப்பட்ட ஒரே ஆள் கும்பகோணத்தில் கால் பாயிண்ட் சார்தான். டெல்டா முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் இன்னொருவர் கிடைத்திருக்க மாட்டார்.

நான் அப்போது ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் மாத வாடகைக்கு இருந்தேன். எதிர் அறை அவருடையது. பித்தளைப் பாத்திரக் கடையில் குத்துவிளக்குகளை எடை போட்டு விலை சொல்வது அவர் வேலை. உண்மையான பெயர் லாட்ஜ் ரிஜிஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக் கடன் வட்டி கால் சதவீதம் ஏறினால், "கால் பாயிண்ட் ஏத்திட்டான்" என்று மாடி முழுக்கக் கேட்க அறிவிப்பார். போகப் போக எல்லாவற்றுக்கும் அதுவே அளவாகிவிட்டது. "சாம்பார்ல உப்பு கால் பாயிண்ட் தூக்கல்" என்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "நேத்திக்கு இன்னிக்கி அரை பாயிண்ட் இறங்கியிருக்கு" என்றார்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பம்பாயிலிருந்து மத்திய வங்கியின் வட்டி அறிவிப்பு வரும். அன்றைக்குக் கடைக்கு லீவு. காலை பத்து மணிக்குக் கீழே செல்வி அக்கா மெஸ்ஸில் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கக்கூட அனுமதி கிடையாது. சொய்ங் என்ற சத்தத்தில் சதவீதம் காதில் விழாமல் போய்விடுமாம்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த செல்வி அக்கா ஒருநாள் கேட்டே விட்டார். "பம்பாய்ல எவனோ என்னமோ சொல்றான். அதுக்கு ஏன் சார் என் தோசையை நிறுத்தறீங்க?"

"அக்கா, ஒரு பேங்குக்குக் கையில பணம் கம்மியா இருந்தா பக்கத்து பேங்குல கைமாத்து வாங்கும். அந்த வட்டியும் மேல இருக்கிற பெரிய பேங்கு வட்டியும் சேந்தே ஏறும். அது ஏறினா என் வீட்டுக் கடனுக்கும் ஏறும்."

"அவங்களுக்குள்ள கைமாத்து வாங்கிக்கிட்டா நீங்க ஏன் சார் குடுக்கணும்?"

"அதான் எனக்கும் பிடிபடலக்கா" என்றார் கால் பாயிண்ட் சார்.

அந்தக் கடன் குடவாசலில் கட்டிய இரண்டு அறை வீட்டுக்காக. வீடு முடிந்த கையோடு அவர் மனைவி, மகளின் பிரசவத்துக்காகப் புனே போனார். போனவர் பேரனோடு அங்கேயே தங்கிவிட்டார். எப்போது வருவாய் என்று இவர் கேட்டதில்லை. கடன் நிலவரத்தை மட்டும் ஃபோனில் விலாவாரியாகச் சொல்வார். ஒருநாள் அந்த அம்மா, "கடன் முடியட்டும், வரேன்" என்று சொல்லியிருக்கிறார். இவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அறுபது வயதில் கடன் முடியும். அன்றைக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், மாலையும் கழுத்துமாக நேரே குடவாசல் வீடு. இதுதான் திட்டம். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது!

மனைவி வராமல் அந்த வீட்டில் குடியேறுவதில்லை என்று லாட்ஜிலேயே இருந்தவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டவுன் பஸ் பிடித்துப் போய்க் காலி வீட்டைப் பெருக்கிப் பூட்டிவிட்டு வருவார்.

அந்த வருஷம் வட்டி ஏறிக்கொண்டே போனது. ஆனால் அவருடைய மாதத் தவணை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. "பாத்தீங்களா சார், மேனேஜருக்கு என் மேல ஒரு மரியாதை" என்று பூரித்துப்போனார். நன்றி சொல்ல இரண்டு கவுளி கொழுந்து வெற்றிலை வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

மேனேஜர் வெற்றிலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சார், தவணையைக் கூட்டல. மாசத்தைக் கூட்டியிருக்கோம். மெசேஜ் வந்திருக்குமே."

"எத்தனை மாசம்?"

"முப்பத்தி மூணு."

அறுபது, அறுபத்திரண்டே முக்கால் ஆகிவிட்டது. வெற்றிலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மறந்துவிட்டார்.

அடுத்த விடுமுறையில் என்னைத் திருக்கடையூருக்கு இழுத்துப் போனார். அங்கே ஒரு குருக்களிடம் மிகவும் பணிவாகக் கேட்டார். "சாமி, பேங்குல தள்ளிப் போட்டுட்டாங்க. அறுபதாம் கல்யாணத்த அறுபத்திரண்டே முக்கால்ல பண்ணிக்கலாமா?"

குருக்கள் அவர் தலையில் நரைமுடியைத் தேடினார். "இப்ப என்ன வயசாறது?"

"நாப்பத்தொம்போது."

"பொண்டாட்டியும் நீங்களும் ஷேமமா இருந்து அறுபதுக்கு வாங்கோ. பேங்குக்கெல்லாம் நாங்க நாள் பாக்கறதில்ல."

சரி, கடனையே அறுபதுக்கு இழுத்து வந்துவிடுவது என்று முடிவு செய்தார். குடவாசல் வீட்டை ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டு, வருகிற வாடகையைத் தவணையோடு சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெருக்கப் போகவும் வீடில்லை. லாட்ஜ் வராந்தாவிலேயே குறுக்கும் நெடுக்கும் நடப்பார். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் சார், உங்க வீட்டம்மா நாளைக்கே வரேன்னு நின்னா எங்க சார் தங்க வைப்பீங்க?"

"எப்படி வருவாங்க? கடன் முடியலியே."

"நீங்க வான்னு கூப்பிட்டீங்களா?"

"இல்லியே" என்றார். பிறகு அங்கேயே ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் போடுவதுதான் அவர் வழக்கம்.

எடுத்ததுமே அந்த அம்மா, "என்னங்க, மறுபடி ஏறிடுச்சா?" என்றார்.

"இல்ல. நீ எப்ப வர்ற?"



"இப்பதான் கேக்கத் தோணிச்சா?"

"கடன் முடிஞ்சா வரேன்னு நீதானே சொன்ன?"

"அது கோவத்துல சொன்னதுங்க. ஃபோன எடுத்தா வட்டி, வட்டி. வாடின்னு ஒரு வார்த்தை வந்திச்சா? போன வருஷம் கூப்பிட்டிருந்தா மறுநாளே ரயிலேறியிருப்பேன். இப்ப இவ வேலைக்குப் போறா, பையன ஸ்கூல்ல விட்டாச்சு. நான் இல்லாம இங்க ஆகாதுங்க." பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றார்.

"ம்" என்றார் இவர். சாப்பிட்டிருக்கவில்லை.

ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கேட்டிருக்கணும் சார்" என்றார். அவர் கையைப் பிடித்து மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்கு உப்பு கூடவா குறைவா என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நான் தஞ்சாவூரில் குடும்பத்தோடு இருக்கிறேன். அவர் அதே அறையில்தான் இருக்கிறார். ஞாயிறுதோறும் ஃபோன் செய்வேன். வட்டியைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. "எப்ப சார் நம்ம வீட்டுக்கு வரீங்க?" என்றுதான் ஆரம்பிப்பேன். "பாக்கலாம் சார்" என்பார். இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வராவிட்டால் போகட்டும். அவரை வாங்க என்று கூப்பிட வாரத்துக்கு ஒரு ஆளாவது வேண்டாமா?