அரை மணி வேலை, கால் மணி ஓய்வு

மணி வைத்து வேலை செய்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. சோம்பேறி என்று அவரைச் சொல்லிவிட முடியாது. சோம்பேறிக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் இந்த இனத்தின் முதல் ஆள் காரோடு ஊர்த் தையல்காரர் ஞானையன். ஆரம்பத்தில் எல்லோரையும் போலத்தான் தாமதம் செய்துகொண்டிருந்தார். தொண்ணூற்றைந்தாம் வருஷம் நெய்யாற்றின்கரையில் யாரோ நடத்திய முன்னேற்ற வகுப்புக்குப் போய்வந்த பிறகு, முறைப்படி தாமதம் செய்யத் தொடங்கினார். வேறு நினைப்பே இல்லாமல் அரை மணி வேலை, பிறகு கால் மணி ஓய்வு, மறுபடி வேலை. அதற்காகவே ஒரு டைம்பீஸ் வாங்கினார்.

அப்படி ஒரு நாள். என் தங்கை குளோரிக்கு மறுநாள் சர்ச்சில் காலைப் பூசையில் கல்யாணம். புடவை, நகை, பூ எல்லாம் வீட்டில். பிளவுஸ் மட்டும் ஞானையனிடம், இரண்டு கையும் இல்லாமல். குளோரி தையல் படித்தவள். அவள் போடும் தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் வெளிப்பக்கம் போலத்தான் இருக்கும். ஆனால் வீட்டில் மெஷின் இல்லை. தவிர, கல்யாணப் பெண்ணே தன் பிளவுஸைத் தைப்பது குடும்பத்துக்குக் குறைச்சல் என்பது அம்மாவின் கட்சி. ஆகவே மத்தியானமே இருவரும் அவர் கடையில் போய் உட்கார்ந்தோம்.

"பேடிக்காண்டாம் மக்கா, பயம் எதுக்கு? மணி வச்சு இருந்தா ஒரே இருப்புல தீரும்," என்றார் ஞானையன்.

மணி வைப்பது என்ன லேசான வேலையா? டைம்பீஸுக்குச் சாவி கொடுக்க வேண்டும். அலாரம் முள்ளை அரை மணி தள்ளி நிறுத்த வேண்டும். அது ஒரு மயிரிழை பிசகினாலும் கவனம் சிதறிவிடுமே, ஆகவே ஒருமுறை அடிக்கவிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பாபினில் நூல் சுற்றி, சுண்ணக்கட்டியைக் கூராக்கி, இடையில் எழும்பக்கூடாது என்பதால் முன்கூட்டியே பின்பக்கம் ஒருமுறை போய்வந்து, தண்ணீர் குடித்து, குடித்த காரணத்தால் இன்னொரு முறை போய்வந்து, கடைசியில் உட்கார்ந்து, கைக்கு வெட்டிய துணியை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தார்.

அலாரம் அடித்தது. எழுந்துவிட்டார்.

"அண்ணா, ஒரு தையலுகூட போடல்லியே," என்றாள் குளோரி அவரிடம்.

"அதுக்கு? மணி அடிச்சா எழும்பணும். இல்லேன்னா சிஸ்டம் கெட்டுப்போவும்."

"நாளைக்குக் கல்யாணம் எனக்காக்கும். கையில்லாத பிளவுஸு போட்டுட்டு ஆல்டருக்க முன்னால நிக்கவா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "எலே மக்கா, தங்கச்சிட்ட சொல்லு. டென்ஷன் இருந்தா கவனம் நிக்காது."

சொல்லிவிட்டு, டைம்பீஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்ப்புற டீக்கடைக்குப் போனார். இந்த இனத்தை நீங்கள் அடையாளம் காண்பது இப்படித்தான். வேலை நேரம் எப்படி வேண்டுமானாலும் வளையும். ஓய்வு நேரம் வளையாது.

குளோரி அவர் போன திசையைப் பார்த்தாள். தைக்காத கைகளைப் பார்த்தாள். "அம்மைட்ட சொல்லப்பிடாது," என்று என்னிடம் சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். பிறகு தலையை நிமிர்த்தவேயில்லை. ஒரு கை, மறு கை, கொக்கிகள். டீக்கடையில் அலாரம் அடித்தபோது கடைசி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஞானையன் வந்தார். பிளவுஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன்.

"கண்டியா? மணி வைக்காம நான் சும்மா இருந்து தச்சிருந்தா இத்தனை சீக்கிரம் தீருமா? இதாக்கும் சிஸ்டம்."

"சிஸ்டத்துக்க பேரு குளோரி," என்றாள் தங்கை.

அது அவர் காதில் விழவில்லை. மணியடித்து வேலை நேரம் தொடங்கிவிட்டதால், அடுத்த துணிக்காக டைம்பீஸுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் குளோரி சர்ச்சில் பீடத்துக்கு முன்னால் இரண்டு கையோடு நின்றாள். முன்வரிசையில் இருந்த ஞானையன், அந்தக் கைகளைச் சுட்டிக்காட்டிப் பக்கத்திலிருந்தவர்களுக்குச் சிஸ்டத்தை விளக்கினார். கேட்டவர்களில் இரண்டு பேர் அந்த வாரமே டைம்பீஸ் வாங்கினார்கள்.

சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். இதைப் படித்து முடித்த கையோடு எழுந்து செய்துவிடலாம் என்று ஒரு வேலையை வைத்துவிட்டு வந்தீர்களே, அதை இப்போது உங்கள் வீட்டில் யார் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.