கொம்பையா அடக்கிவைத்த முதலீடு

ஒரு காட்டில் எல்லாம் இருந்தது, முதலீடு மட்டும் இல்லை. இல்லை என்பதே அந்தக் காட்டுக்கு ரொம்ப நாள் தெரியாது. கணவாய் வழியாகக் காற்று அது பாட்டுக்கு வந்தது, அது பாட்டுக்குப் போனது. கொம்பையா என்ற யானை காலையில் மூங்கில் தின்றது, பகலில் சாணி போட்டது. முத்துப்பேச்சி என்ற சாணவண்டு அந்தச் சாணியை உருட்டிக்கொண்டு போய்ப் புதைத்து, அதற்குள் முட்டை வைத்தாள். மற்ற மிருகத்தையெல்லாம் அது, இது என்பேன். முத்துப்பேச்சியை மட்டும் அவள் என்றுதான் சொல்வேன், எனக்கு அவள்மேல் பிரியம். ஆக எல்லாரும் ஒழுங்காக இருந்தார்கள். ஒழுங்காக இருந்தால் ராஜாவுக்குப் பிடிக்குமா?

ராஜா ஒரு கரடி. சிங்கம் எங்கே என்று கேட்காதீர்கள், நம்ம ஊர்க் காடுகளில் சிங்கம் கிடையாது. அந்தக் கரடி ஒருநாள் பக்கத்துக் காட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பியது. அங்கே காற்றாலை போட்டிருக்கிறார்களாம். சாண எரிவாயுத் தொழிற்சாலை வேறு வரப்போகிறதாம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த காட்டெருமை பாயசம் முடிகிறவரை அதையேதான் சொன்னதாம்.

கரடி உடனே நரியைக் கூப்பிட்டது. நரியின் பெயர் செல்லப்பாண்டி. எந்த விழா என்றாலும் பந்தல் போடுவதும் மைக் பிடிப்பதும் அதுதான்.

"செல்லப்பாண்டி, முதலீடு வரணும்னா நம்மகிட்ட என்னல இருக்கு?"

"காத்து இருக்கு ராஜா. அப்புறம் கொம்பையா அண்ணாச்சி சாணி இருக்கு."

"சாணின்னு சொல்லாதல. உயிரி வளம்னு சொல்லு."

அன்றிலிருந்து அது உயிரி வளம் ஆனது. நாற்றம் அப்படியேதான் இருந்தது.

வருஷா வருஷம் குளிருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பூநாரை அந்தப் பக்கத்து ஏரிக்கு வரும். கால் நீளம், கழுத்து அதைவிட நீளம், பேச்சு மூக்கால். முதலீட்டாளர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று நரி முடிவுகட்டி, முதலீட்டாளர் மாநாட்டுக்கு அதையே தலைமை விருந்தினராக அழைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடுவதாகப் பூநாரையும் சொல்லி அனுப்பியது.

அடுத்து நரி ஒரு பொன்னாடையோடு யானையிடம் போனது. யானை உடம்புக்குப் பொன்னாடை எங்கே காணும்? ஒரு காதில் போர்த்தியது.

"அண்ணாச்சி, இன்னையிலிருந்து நீங்கதான் நம்ம காட்டோட உயிரி வளத் தூதர். ஒரே ஒரு வேண்டுகோள். விருந்தினர் அம்மா வந்து தொடங்கி வைக்கிற வரைக்கும் நீங்க கொஞ்சம் பொறுத்துக்கணும்."

"எதைப் பொறுத்துக்கணும்?"

நரி யானையின் பின்பக்கத்தைக் கண்ணால் காட்டியது. "திறப்பு விழாவுக்கு முன்னாடி கடையில யாவாரம் பண்ணுவாங்களா அண்ணாச்சி? அதே மாதிரிதான்."

கொம்பையா வெகுளி. பொன்னாடை நழுவிவிடாமல் காதை ஆட்டாமல் வைத்துக்கொண்டு, சரி என்றது. காடும் சரி என்றது. சிரிக்காதீர்கள். விருந்தினர் வராமல் நாம் என்றைக்காவது பந்தி போட்டிருக்கிறோமா? வேஷம் கட்டிய பிள்ளைகள் வெயிலில் வாடி நிற்கும், விருந்தினர் வரட்டும் என்போம். யானைக்கு மட்டும் தனிச் சட்டமா?

இதில் மாட்டிக்கொண்டவள் முத்துப்பேச்சி. அவளுக்கு முட்டையிடும் நேரம் நெருங்கிவிட்டது. உருண்டை இல்லாமல் வெறும் மண்ணில் முட்டை வைத்தால், பொரிந்து வரும் பிள்ளைகள் தின்ன ஒன்றுமில்லாமல் செத்துப்போகும். அவள் பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்த நரியைத் தேடிப் போனாள்.

"ஏந்தம்பி, அண்ணாச்சி சாணி போடலையாமே?"

"சாணி இல்லம்மா, உயிரி வளம்."

"என்ன எழவோ. எனக்கு ஒரு உருண்டை வேணும், முட்டை வைக்கணும்."

"இந்தத் துறையில உங்களுக்கு என்ன அனுபவம்?"

"எங்கம்மை உருட்டுனா, அவ அம்மை உருட்டுனா. நான் பொறந்ததே அதுக்குள்ளதான்."

"அதெல்லாம் பழைய முறைம்மா. முதலீடு வரட்டும், சாணி உருட்ட உங்களுக்குப் பயிற்சி குடுக்கச் சொல்றேன்."

சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. சாணவண்டுக்குச் சாணி உருட்டப் பயிற்சியாம். நல்லவேளை, அவளுக்கு நரியோடு சண்டை போட நேரமில்லை. நேராக யானையிடம் போனாள்.

"அண்ணாச்சி, எனக்காக ஒரே ஒரு துண்டு. யாருக்கும் தெரியாது."

"யானை போட்டா தெரியாம இருக்குமா தங்கச்சி? நாளைக்குக் காலையில எல்லாம் முடிஞ்சிரும். நானும் பொறுத்துக்கிட்டுத்தான இருக்கேன்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொம்பையாவுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டியது.

வெள்ளிக்கிழமை காலை வந்தது, பூநாரை வரவில்லை. வழியில் இன்னொரு காட்டிலும் இதே போல மாநாடாம். மத்தியானமும் வரவில்லை. "இன்னும் சற்று நேரத்தில், இன்னும் சில நிமிடங்களில்" என்று நரி மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தது. மேடைக்கு முன்னால், வரப்போகும் தொழிற்சாலைக்கென்று மஞ்சள் குங்குமம் வைத்த அடிக்கல். அதை ஒட்டிக் கொம்பையா, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வளம் விருந்தினர் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும் அல்லவா? அதன் வயிறு நெல் கொட்டிவைக்கும் பத்தாயம் மாதிரி வீங்கிக் கிடந்தது. உள்ளே உருண்ட சத்தத்தை இடி என்று நினைத்துக் குரங்குகள் மரப்பொந்துக்குள் புகுந்தன. முத்துப்பேச்சி அதன் பின்கால் பக்கத்திலேயே நின்றாள், நகரவில்லை.

ஒருவழியாகச் சாயங்காலம் பூநாரை வந்தது. அந்தக் கழுத்துக்கு மாலை போட்டுக்கொண்டே போகலாம், போட்டுக்கொண்டே போனார்கள். பிறகு குத்துவிளக்கு. ஏற்றினால் அணைந்தது, மறுபடி ஏற்றினால் மறுபடி அணைந்தது. கணவாய்க் காற்று சும்மா இருக்குமா?

"இந்தச் சனியன் பிடிச்ச காத்தை எவனாவது நிப்பாட்டுங்கல," என்று கரடி பல்லைக் கடித்தது.

காற்றாலைக்கு முதலீடு கேட்கும் மாநாட்டில் காற்றை மறைக்க எருமைகளை வரிசையாக நிறுத்தினார்கள். அவற்றின் தலைக்கு மேலே, 'காற்றே எங்கள் சொத்து' என்று எழுதின பேனரை அவிழ்த்துவந்து குறுக்கே கட்டினார்கள். காற்று நின்றது. மேடையில் பனையோலையால் செய்து வைத்திருந்த மாதிரிக் காற்றாலை, அதுவும் நின்றது.

பூநாரை கழுத்தை வளைத்து அதைப் பார்த்தது. "இங்கே காற்றே இல்லையே," என்றது.

கரடிக்கு வேர்த்துவிட்டது. "முதல்ல விளக்கை ஏத்துங்கம்மா. காத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

பூநாரை அலகில் மெழுகுவத்தியைக் கவ்வி விளக்கை ஏற்றியது. சுடர் அசையாமல் நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டினால் விழா தொடங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? கொம்பையா அப்படித்தான் நினைத்தது. பாவம், அதுவும் எவ்வளவு நேரம்தான் தாங்கும்.

முதலில் வாயு வந்தது. அதற்கும் விளக்குக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. நீல நிறத்தில் ஒரு நெருப்பு மேடையைத் தாண்டிப் போனது. பந்தல் போயிற்று, பேனர் போயிற்று, விருந்தினரின் மாலையெல்லாம் கருகிப்போயின. அந்த வேகத்தில் ஓலைக் காற்றாலை கிறுகிறுவென்று சுழன்று, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு ஏரிப் பக்கம் பறந்தது. அதற்குப் பிறகு உயிரி வளம் வந்தது. காடு முழுக்க வந்தது.

பூநாரை கண்ணை வழித்துவிட்டுக்கொண்டது. பிறகு, "காற்றாலையும் எரிவாயுவும் ஒரே யானையிலா? எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்றது. போட்டது. கரடியோடு நின்று படம் எடுத்துக்கொண்டது. மறுநாள் பறந்துபோனது, அவ்வளவுதான். அடுத்த குளிருக்கு வேறு ஏரிக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

முத்துப்பேச்சிக்குக் கையெழுத்தைப் பார்க்க நேரமில்லை. அடிக்கல்லின் மேலே ஒரு பெரிய குவியல் விழுந்திருந்தது. அதிலிருந்து வழித்து உருட்டி, கல்லுக்கடியிலேயே குழி தோண்டி, முட்டையெல்லாம் வைத்து மூடிவிட்டுத்தான் மூச்சு விட்டாள். பிள்ளைகள் பிழைத்துக்கொண்டன. வளர்ந்து வெளியே வந்து அதே இடத்தில் சாணி உருட்ட ஆரம்பித்தன. எனக்கு அப்போதுதான் நிம்மதி.

கதையை இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் முதலீடு என்ன ஆயிற்று என்று காட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நரி எல்லாரையும் அடிக்கல்லுக்குக் கூட்டிவந்து வண்டுப் பிள்ளைகளைக் காட்டியது.

"பாத்துக்கோங்க. கல்லு நட்ட இடத்துல தொழில் நடக்குது. எத்தனை பேருக்கு வேலை கிடைச்சிருக்கு."

கரடி கண் கலங்கிவிட்டது. அடுத்த மாநாட்டுப் பேனரில் முத்துப்பேச்சி படம்தான் பெரிதாக இருந்தது.

மறு வருஷம் அவளுக்கு மறுபடியும் முட்டையிடும் நேரம். கொம்பையா அப்போதுதான் போட்டிருந்தது, ஆவி பறந்தது. அவள் பின்கால்களை ஊன்றி உருட்டப் போனாள். நரி மூச்சிரைக்க ஓடிவந்தது.

"அம்மா, உருட்டிராதீங்க. இனிமே நீங்கதான் இந்தத் திட்டத்தோட முகம். தொடங்கி வைக்க விருந்தினர் கிளம்பிட்டாங்க, இன்னும் சற்று நேரத்துல வந்திருவாங்க." சொல்லிவிட்டு ஒரு செம்பருத்தி இதழை அவளுக்குப் போர்த்தியது.

முத்துப்பேச்சி அண்ணாந்து யானையைப் பார்த்தாள். கொம்பையா காதில் கிடந்த கருகின பொன்னாடையைத் துதிக்கையால் சரிபண்ணிக்கொண்டது.

"பொறுத்துக்கோ தங்கச்சி," என்றது. "பழகிரும்."

நீதி: தலைமை விருந்தினர் வருவதற்கு முன்னால் வந்தால் அது சாணி, வந்த பிறகு வந்தால் அது முதலீடு. ஆகவே குழந்தைகளே, எது வந்தாலும் அடக்கிக்கொள்ளுங்கள்.