எலும்பு வார்டில் எல்லா வியாதியும்

முறிந்திருந்தது லாரி டிரைவரின் தொடை எலும்பு. அவர் பிடித்துக்கொண்டிருந்ததோ நெஞ்சை.

"அக்கா, நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. வலி இடது தோளுக்குப் போகுது. அங்கேருந்து கைக்கு இறங்குது. அப்புறம்..." கொஞ்சம் யோசித்தார். "ஆங், தாடைக்கு ஏறுது."

பக்கத்துப் படுக்கையில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த அவள் சட்டென்று நிமிர்ந்தாள். அன்று காலை பஸ்ஸில் படித்துக்கொண்டு வந்தது மாரடைப்புப் பாடம். தோள், கை, தாடை என்ற வரிசைகூட மாறவில்லை.

"வேர்க்குதா?"

"வேர்க்கணுமா? ஆமா ஆமா, வேர்க்குது."

விரிப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பெரிய சிஸ்டர் வந்தார், டாக்டர் வந்தார், இதயத் துடிப்பைப் படம் எடுக்கும் இயந்திரமும் உருண்டு வந்தது. டாக்டர் காகிதத்தை நீளமாக இழுத்துப் பார்த்தார்.

"இந்த இதயத்தை வெச்சுக்கிட்டு இன்னும் நாப்பது வருஷம் லாரி ஓட்டலாம்."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம் டாக்டர்" என்றார் டிரைவர். "ஆனா அக்கா கேட்ட கேள்வி எல்லாம் கரெக்டுதானே?"

பெரிய சிஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு வார்டில் பூனைகூட நிற்காது.

அவள் நர்ஸ் இல்லை, வார்டு உதவியாள். விரிப்பு மாற்றுவது, முகம் துடைத்துவிடுவது, தண்ணீர் கொடுப்பது, காய்ச்சலும் நாடியும் பார்த்துக் குறித்துவைப்பது, இவ்வளவுதான் வேலை. நர்ஸ் படிப்பை எப்போதோ முடித்துவிட்டாள். லைசென்ஸ் பரீட்சைதான் முடிந்தபாடில்லை. முதல் தடவை எழுதியபோது ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிவிட்டு எழுதினாள். தோற்றாள். இரண்டாம் தடவையும் சொன்னாள், தோற்றாள். அப்போது எல்லாரும் அவளிடம் காட்டிய கனிவு இருக்கிறதே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கேன்டீன்காரர் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மூன்று தடவைக்கு மேல் எழுத அனுமதி கிடையாது. இந்தத் தடவை வீட்டுக்காரரைத் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்று முடிவு செய்திருந்தாள். தினம் ஒரு பாடம், பஸ்ஸில் வரும்போது. படித்தது மறக்காமலிருக்க, வேலை செய்துகொண்டே மனசுக்குள் ஒப்பித்துக்கொள்வாள். உதடு லேசாக அசையும், அவ்வளவுதான் என்பது அவளுடைய நினைப்பு.

மறுநாள் சர்க்கரை வியாதிப் பாடம். பதினோரு மணிக்கு, முழங்கை உடைந்து கிடந்த பேக்கரிக்காரர் நடுங்க ஆரம்பித்தார்.

"கை நடுங்குது, கண்ணு இருட்டுது, பசி பிராணன் போகுது. சர்க்கரை இறங்கிடுச்சோ என்னவோ."

"உங்களுக்கு சர்க்கரை இருக்கா?"

"இதுவரைக்கும் இல்லை. இன்னிக்குத்தான் வந்திருக்கணும்."

முந்தின நாள் பட்ட அவமானம் நினைவுக்கு வந்தாலும், உயிர் விஷயம். போய்ச் சொன்னாள். விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை அளவு சரியாக இருந்தது. தலையணைக்கு அடியில் இருந்த அரைப் பாக்கெட் பிஸ்கட்டும் அகப்பட்டது.

"ஏம்மா, இது எலும்பு வார்டு. ஞாபகம் இருக்கா?" என்றார் பெரிய சிஸ்டர்.

இனிமேல் அவசரப்படக்கூடாது, நாமே நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்லவேண்டும் என்று தீர்மானித்தாள். இரண்டு நாள் அப்படியே ஓடியது. மூன்றாம் நாள் பக்கவாதப் பாடம். காலையில் டிரைவரின் வாய் இடப்பக்கம் கோணியிருந்தது.

அவள் பதறவில்லை. "சிரிங்க பார்ப்போம்" என்றாள். சிரித்தார், கோணலாக. "ரெண்டு கையையும் தூக்குங்க." ஒரு கை மட்டும் தூக்கி, மற்றதைத் தொப்பென்று போட்டார். "உங்க பேரைச் சொல்லுங்க." பேர் குழறியது. அத்தனையும் புத்தகத்தில் உள்ளபடியே.

அதற்குமேல் எப்படிப் பதறாமல் இருப்பது? இந்தத் தடவை ஓட்டத்தில் ஒரு செருப்பு கழன்று நடைக்கூடத்திலேயே கிடந்தது. டாக்டரும் பெரிய சிஸ்டரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது டிரைவரின் வாய் வலப்பக்கம் கோணியிருந்தது.

ஜன்னலோரப் படுக்கையில் கணக்கு வாத்தியார் பேப்பருக்குப் பின்னாலிருந்து தொண்டையைக் கனைத்தார். டிரைவரின் வாய் சட்டென்று இடப்பக்கம் திரும்பியது.

டாக்டர் திரும்பிப் போய்விட்டார். பெரிய சிஸ்டர் அவளை நடைக்கூடத்துக்குக் கூப்பிட்டார்.

"நீ போய் நின்னாத்தான் அவங்களுக்கு வியாதியே வருது. அவங்ககிட்ட என்னதான் சொல்லிப் பயமுறுத்துறே?"

"நான் ஒண்ணும் சொல்லலை சிஸ்டர்."

"இன்னொரு தடவை இப்படி ஓடி வந்தே, திங்கக்கிழமையிலேர்ந்து சலவைக்கூடம்தான். செருப்பை எடுத்துப் போட்டுக்கோ."

சலவைக்கூடம் என்றால் விடியற்காலை நாலரை மணிக்கு வேலை. திரும்பி வந்தால் புத்தகத்தைப் பிரிக்கவும் தெம்பு இருக்காது. பரீட்சைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

அன்று சாயந்தரம் வீட்டுக்காரர் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மருந்துப் பெயர்களைத் திருகாணி கழற்றுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கழற்றித்தான் படிப்பார்.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள் அவள். "எதைப் படிக்கிறேனோ அது வார்டுல வருது. ஒண்ணு எனக்குப் புத்தி பிசகிடுச்சு. இல்லே, என் ராசி அப்படி."

"அப்படின்னா ஜலதோஷப் பாடமா பார்த்துப் படியேன். யாருக்கும் சேதம் இல்லை."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு தடவை போனப்ப நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா?"

"கேக்கலை. அதான் கஷ்டமா இருந்துச்சு."

"சரி, இந்தத் தடவை போனா நல்லாத் திட்டறேன். இப்போ சொல்லு, இந்த மருந்து எதுக்கு? பேரு... நீயே பார்த்துக்கோ, என் வாயில நுழையலை."

மறுநாளிலிருந்து வார்டில் வியாதி ரகசியமானது. நோயாளிகள் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்கள்.

"அக்கா, கிட்ட வாங்க. எனக்குச் சிறுநீரகத்துல ஏதோ கோளாறுன்னு தோணுது. சிஸ்டர்கிட்ட சொல்லாதீங்க. நீங்களே நாடி பார்த்து நாலு கேள்வி கேட்டாப் போதும், சரியாயிடும்" என்றார் பேக்கரிக்காரர்.

"கேள்வி கேட்டா எப்படிச் சரியாகும்?"

"உங்க ராசி அப்படி."

இது முன்னைவிட மோசம். பெரிய சிஸ்டருக்குப் பயந்து நோயாளிகள் நோயை மறைக்கிறார்கள், அதற்கு நாம்தான் காரணம் என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை, மூன்று தடவை போய் நின்று பார்த்தாள். நாடி பார்த்தாள், மூச்சு எண்ணினாள், பாதத்தை அழுத்திப் பார்த்தாள், கண் இமையை விலக்கிப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. பத்து நிமிஷத்தில் எல்லாரும் பழையபடி கிரிக்கெட் பேச ஆரம்பித்தார்கள்.

அவளைத் தொந்தரவு செய்யாதவர்கள் அந்த வார்டில் இரண்டே பேர். ஒருவர் கணக்கு வாத்தியார். இடுப்பெலும்பு உடைந்தவர், எப்போதும் பேப்பரும் கையுமாக இருப்பார். இன்னொருவர் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட கொத்தனார். எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா" என்பார். மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தது எப்படி என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.

பரீட்சைக்கு முந்தின நாள் ஆஸ்துமாப் பாடம். எதிர்பார்த்தபடியே டிரைவருக்கு மூச்சு இழுத்தது. விசில் அடிக்கிற மாதிரி வார்டு முழுக்கக் கேட்டது. அவள் அவருடைய முதுகில் காதை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எதிர்ப் படுக்கையில் கொத்தனாரின் விரல்கள் கண்ணில் பட்டன.

போர்வையின் ஓரத்தை அவை நிமிண்டிக்கொண்டே இருந்தன. மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை.

டிரைவரை விட்டுவிட்டு அங்கே போனாள்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லம்மா... கொஞ்சம்... காத்து... பத்தலை."

ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். நாடியைப் பிடித்தாள். எண்ணி முடிக்க முடியாத வேகம். கட்டுப் போட்ட காலின் விரல்களைப் பார்த்தாள். காலையில் பார்த்ததைவிட வீங்கியிருந்தன. உதட்டோரம் நிறம் மாறியிருந்தது.

பின்னால் விசில் நின்றுபோயிருந்தது.

"அக்கா, என்னை விடுங்க! அவரைப் பாருங்க, ஓடுங்க!" என்று டிரைவர் கணீரென்று கத்தினார்.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துவிட்டு ஓடினாள். மேஜையில் எழுதிக்கொண்டிருந்த பெரிய சிஸ்டர் நிமிராமலே, "திரும்பவுமா?" என்றார்.

"சிஸ்டர், நாளையிலேர்ந்து சலவைக்கூடத்துக்கே போறேன். இப்ப எழுந்து வாங்க!"

அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். எழுந்தார். அடுத்த நிமிஷம் ஆக்சிஜன் வந்தது, டாக்டர் வந்தார், கட்டிலோடு கொத்தனாரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்து சொன்னார். காலில் உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்திருக்கிறது. மருந்து ஏறுகிறது, பிழைத்துக்கொள்வார்.

"இன்னும் அரை மணி விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பெரிய சிஸ்டர் அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். அந்த அறையில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"இத்தனை பொய் வியாதிக்கு நடுவுல இது நிஜம்னு எப்படித் தெரிஞ்சுது?"

"மத்தவங்க எல்லாம் கேக்காமலே சொன்னாங்க சிஸ்டர். அவர் கேட்டும் சொல்லலை. பேச்சை நம்பாம ஆளைப் பார்த்தேன்."

"இதெல்லாம் விரிப்பு மாத்துற ஆளுக்குத் தெரியவேண்டிய விஷயம் இல்லையே."

அதற்குமேல் மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. நாளைக்குப் பரீட்சை, மூன்றாவது தடவை, கடைசித் தடவை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வேறு என்ன சொல்லி லீவு கேட்பது என்று தெரியாமல் தவித்ததையும் சொன்னாள்.

பெரிய சிஸ்டர் பேனாவை மூடி வைத்தார்.

"நான் நாலாவது தடவைதான் பாஸ் பண்ணேன். அப்ப இந்த மூணு தடவைக் கணக்கெல்லாம் கிடையாது. வெளியில மூச்சு விட்டே, சலவைக்கூடம்தான். போ, வீட்டுக்குப் போய்த் தூங்கு."

பரீட்சையில் முப்பத்தோராவது கேள்வி இப்படி இருந்தது: நான்கு நோயாளிகள். ஒருவர் வலியில் கத்துகிறார், ஒருவர் மணியை அடித்துக்கொண்டே இருக்கிறார், ஒருவர் அழுகிறார், ஒருவர் போர்வையை நிமிண்டியபடி தனக்கு ஒன்றுமில்லை என்கிறார். முதலில் யாரைப் பார்ப்பீர்கள்? இந்த மாதிரிக் கேள்விகளில்தான் இரண்டு தடவையும் மார்க்கை விட்டிருந்தாள். கத்துகிறவரிடமே ஓடிப் பழகியவள். இந்தத் தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்காமவரைத் தேர்ந்தெடுத்தாள்.

ஐந்தாம் நாள் காலை, வார்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது முடிவு போனில் வந்தது. படித்தாள். திரும்பப் படித்தாள். வீட்டுக்காரருக்குப் போன் செய்தால், அவர் ஏதோ லிஃப்டுக்குள்ளிருந்து, "அப்ப திட்ட வேண்டியதில்லை" என்றார். அவர் குரல் உடைந்துபோனது லிஃப்டினால் அல்ல.

அவள் போனை வாங்கிப் பார்த்த பெரிய சிஸ்டர் வார்டின் நடுவில் வந்து நின்று கையைத் தட்டினார்.

"எல்லாரும் கேளுங்க. இனிமே இவங்களை அக்கான்னு கூப்பிடக்கூடாது. சிஸ்டர்."

டிரைவர் போட்ட கூச்சலில் அவருடைய காலைத் தூக்கிக் கட்டியிருந்த எடைக்கல் ஊஞ்சலாடியது. பேக்கரிக்காரர் ஒரு கையால் கைதட்ட முடியாமல் கட்டிலைத் தட்டினார். முந்தின நாள்தான் வார்டுக்குத் திரும்பியிருந்த கொத்தனார் அவள் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நான் கெட்டிக்காரி எல்லாம் இல்லீங்க. படிச்ச வியாதி ஒவ்வொண்ணும் உங்க உடம்புல கண்ணெதிரே வந்துச்சு. நீங்க பட்ட கஷ்டத்துலதான் நான் பாஸ் பண்ணியிருக்கேன். பாவம், எத்தனை அவஸ்தை!"

டிரைவர் விட்டத்தைப் பார்த்தார். பேக்கரிக்காரர் திடீரென்று தன் கை மாவுக்கட்டை ஆராய ஆரம்பித்தார்.

ஜன்னலோரத்தில் பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. கணக்கு வாத்தியாரின் முகத்தில் அப்படியொரு ஏமாற்றம்.

"அதுக்குள்ள பாஸாயிட்டீங்களா? அடுத்த பாடம் என் முறைன்னு, நீங்க முணுமுணுத்ததைக் கேட்டுக் கேட்டு நாலு நாளா ஒத்திகை பார்த்து வெச்சிருக்கேனே, அந்த மஞ்சக்காமாலையை இனிமே யார் தலையில கட்றது?"