சமையல்காரனுக்காகக் கப்பலைத் திருப்பலாமா?

நான் ஒரு கணக்கு வாத்தியார். எதைக் கேட்டாலும் சரியான விடையைச் சொல்லியே தீர வேண்டும் என்ற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இந்த வியாதி உள்ளவர்கள் பெண் கேட்டுத் தாங்களே போகக்கூடாது. யாராவது விவரமான ஆளை அனுப்பிவிட்டு, வாயில் மிட்டாயைப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் போனேன். போய், ஒரே மதியச் சாப்பாட்டில் என் வாழ்க்கையை நானே குழி தோண்டிப் புதைத்தேன்.

ஸ்டெல்லா என்னோடு அதே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுத்தாள். இரண்டு வருடக் காதல். (யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தோம். வாட்ச்மேன் உட்பட எல்லாருக்கும் தெரிந்திருந்தது.) அவள் வீடு குளச்சல். அப்பா செபாஸ்தியான் சொந்தமாக விசைப்படகு வைத்து ஓட்டுகிறவர். என் வீடு திருவட்டாறு பக்கம், சுற்றிலும் ரப்பர் மரம். இரண்டு வீடும் கத்தோலிக்க வீடுதான். ஆனாலும் மலைப்பக்கத்துக்காரன் கடற்கரையில் பெண் எடுப்பது எங்கள் பக்கம் லேசில் நடக்கிற காரியமில்லை. கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து கடலை தின்னலாம் என்பதுதான்.

“தடைக்காலத்துல வா. அப்பா அப்பதான் வீட்டுல இருப்பாரு” என்றாள் ஸ்டெல்லா. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. “வீட்டுல இருந்து என்ன செய்வாரு?” என்று கேட்டேன். “கேம் விளையாடுவாரு” என்றாள்.

விஷயம் இதுதான். அவள் அண்ணன் துபாயிலிருந்து வந்தபோது டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, திரும்பும்போது விட்டுப் போயிருந்தான். முதலில் அதை உடைக்கப் போன செபாஸ்தியான், அதில் கப்பல் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருப்பதைக் கண்டுவிட்டார். அதன் பிறகு தடைக்காலத்தில் அந்த வீட்டில் யாருக்கும் டிவியில் செய்தி பார்க்கக்கூட வழியில்லாமல் போயிற்று.

விளையாட்டின் பெயரைக் கேட்டதும் நான் துள்ளிக் குதித்தேன். அதை நான் மூன்று முறை முடித்தவன். கதை சுருக்கமாக இப்படி: ஒரு ராஜ்யம் பனியில் உறையப் போகிறது. ஆரன் என்ற கப்பல் தலைவன் வடக்குத் தீவிலிருந்து தீமணி என்ற மந்திரக் கல்லை எடுத்துக்கொண்டு குறித்த நாளுக்குள் தலைநகருக்குத் திரும்ப வேண்டும். வழியில் புயல். கப்பலின் சமையல்காரன் கடலில் விழுந்துவிடுகிறான். ஆரன் என்ன செய்கிறான்? சரக்கையெல்லாம் கடலில் தள்ளிவிட்டுக் கப்பலைத் திருப்பி, மூன்று நாள் அந்த ஒருத்தனைத் தேடுகிறான். சமையல்காரன் கிடைக்கிறான். கல் தாமதமாகப் போய்ச் சேர, பாதி ராஜ்யம் உறைந்து போகிறது.

உலகமெங்கும் இதை விளையாடியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். நான் எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. ‘ஆரன் ஒரு அடிமுட்டாள்: பதினொரு காரணங்கள்’ என்ற தலைப்பில் இணையத்தில் எழுதியிருந்தேன். அதற்கு விழுந்த பாராட்டுகளைத் தினமும் பல் தேய்ப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்ப்பேன்.

“அப்பா உன்கிட்டயும் அந்தக் கேமைப் பத்திக் கேப்பாரு. வீட்டுக்கு வாற எல்லார்கிட்டயும் கேப்பாரு” என்றாள் ஸ்டெல்லா.

“அதை என்கிட்ட விடு” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து போனேன். முன்னறையில் செபாஸ்தியானும் அவருடைய படகு ஆட்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். படகின் சமையல்காரர் சேவியர்தான் அன்று வீட்டிலும் சமையல். ஒல்லியான மனிதர், பேச்சே இல்லை. எனக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் அவர்தான் வைத்தார். நல்ல துண்டாகத் தேடி வைத்தார் என்பது இன்றைக்கும் என் நெஞ்சை அறுக்கிற விஷயம்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். செபாஸ்தியான் கேட்டார்:

“சாரே, அந்தக் கப்பல் கேமு தெரியுமா?”

“தெரியும் மாமா” என்றேன். (மாமா என்று கூப்பிட அதுவரை யாரும் அனுமதி தரவில்லை.)

“அந்த ஆரன் கப்பலைத் திருப்புனானே. செய்தது சரியா, தப்பா?”

ஸ்டெல்லா அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதுதான் அன்றைக்கு அவள் கடைசியாகச் சிரித்தது.

“முட்டாள்தனம் மாமா” என்றேன்.

அறையில் மென்று கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். என் வாதத்தின் பலம்தான் அவர்களை நிறுத்தியது என்று நினைத்தேன். வகுப்பிலும் நான் பேசும்போது இப்படித்தான் அமைதியாகும். உற்சாகத்தில் எச்சில் விரல்களை மடக்கிக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். ஒருத்தனா, ஒரு ராஜ்யமா? புயல் கடலில் ஒரு தலையைக் கண்டுபிடிக்க எத்தனை வாய்ப்பு? அதிலும் மாலுமியா, வைத்தியனா? வெறும் சமையல்காரன்!

செபாஸ்தியான் பொறுமையாகக் கேட்டார். “அப்பம், வலை தண்ணிக்குள்ள கிடக்கு. நெறைய மீனு. வேற போட்டுல ஒருத்தன் விழுந்துட்டாண்ணு வயர்லெஸ்ல சொல்லுதாவ. நம்ம போட்டு ஆளு கூட இல்ல. வலையை அறுத்து விட்டுட்டு ஓடுதவன் முட்டாளாக்கும்?”

விளையாட்டில் வலையே கிடையாதே என்று ஒரு நொடி யோசித்தேன். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் உதாரணக் கணக்கு கொடுத்தால் போட்டுக் காட்டாமல் விடுகிற ஆளா நான்?

“அவன் ஆரனைவிடப் பெரிய முட்டாள் மாமா. ஆரனாவது சொந்தக் கப்பல் ஆளுக்காகத் திரும்பினான்.”

யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். இணையத்தில் எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்த பதினொன்றாவது காரணத்துக்கு வந்தேன். “எல்லாத்துக்கும் மேல, அந்தச் சமையல்காரனே தன்னைத் தேடி யாராவது வருவாங்கன்னு எதிர்பார்த்திருக்க மாட்டான்.”

“நான் எதிர்பாத்தேன் சாரே.”

திரும்பினேன். சேவியர் கறிச்சட்டியோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தார். கோபமே இல்லாத முகம்.

“ஒரு காலி கேனைக் கட்டிப் பிடிச்சுட்டுக் கிடந்தேன். யாராவது ஒருத்தன் வலையை அறுத்துட்டு வருவாண்ணு தெரியும். அதனாலயாக்கும் கையை விடாம இருந்தது” என்று சொல்லி, என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

வலையை அறுத்துவிட்டு வந்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தார். நாலு மணி நேரம் தேடி சேவியரைத் தூக்கியிருக்கிறார். அதற்குப் பிறகு சேவியர் பழைய படகுக்குத் திரும்பாமல் இவருடனேயே தங்கிவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

அந்த இடத்தில் மண்ணைப் பிளந்து உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆரன் செய்தது ஏன் மகத்தான அறிவாளித்தனம் என்று நிரூபிக்க ஆரம்பித்தேன். ஆறு காரணங்கள் வரை சொன்னேன். செபாஸ்தியான் எழுந்து கை கழுவப் போய்விட்டார். நான் ஏழாவது காரணத்தைச் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்திடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேருந்தில் வரும்போது ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து கத்தினேன். “உங்க அப்பாவோட கதையை நீ முன்னாடியே சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருந்தா நான் சரியாச் சொல்லியிருப்பேனே!”

“இதுக்குச் சொல்லிக் குடுக்கணுமா?” என்று கேட்டாள். வைத்துவிட்டாள்.

பரீட்சையில் தோற்ற பிள்ளைகளை அதுவரை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். சிலபஸில் இல்லாத கேள்வி என்று அவர்கள் அழும்போது சிரித்திருக்கிறேன். மாமா கேட்டது எந்த சிலபஸிலும் இருக்க வேண்டிய தேவையே இல்லாத கேள்வி. அதற்கு விடை தெரியாத ஒரே மனுஷன் நான். ஐந்து வாரம் ஆசிரியர் அறையில் அவள் என்னிடம் சாக்பீஸைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பதினொரு காரணங்களுக்கு மட்டும் பாராட்டு வந்துகொண்டே இருந்தது. ‘செம லாஜிக் சார்’ என்று ஒருத்தன் எழுதினான். அவனை நேரில் கண்டால் கொன்றிருப்பேன்.

ஜூலை கடைசியில் ஒரு போன். சேவியர்.

“சாரே, அந்தப் பிள்ள ஸ்டெல்லா ஒழுங்காத் திங்கல்ல. தடை முடிஞ்சு மொத நாளு நம்ம போட்டுல நீங்களும் வாங்க. நான் செபாஸ்தியான் அண்ணன்கிட்ட பேசியாச்சு.”

“வந்து நான் என்ன செய்யணும் அண்ணே?”

“ஒண்ணும் செய்யண்டாம். கூட இருந்தா மதி, அது போதும்.”

தடை முடிந்த முதல் நாளில்தான் நல்ல மீன்பாடு. எல்லாப் படகும் போட்டி போட்டுக்கொண்டு ஓடும். வெளிச்சம் வந்த நேரத்தில் நாங்களும் ஓடினோம். கரை கண்ணில் இருக்கும்போதே என் குடல் புரள ஆரம்பித்தது. அரை மணி நேரத்தில் காலையில் தின்றது போயிற்று. பிறகு முந்தின நாள் தின்றது. பிறகு பச்சையாக ஏதோ. தண்ணீர் கொடுத்தால் அதுவும் திரும்பி வந்தது. ஒரு கட்டத்தில் கண் செருகி, கயிற்றுக் குவியலில் ஈரச் சாக்காகக் கிடந்தேன். வலை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“திருப்பச் சொல்லுங்க அண்ணே” என்றேன் சேவியரிடம். “செத்துருவேன். கப்பலைத் திருப்பச் சொல்லுங்க.”

சேவியர் என் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார். “ஒரே ஒருத்தனுக்காவ திருப்பலாமா சாரே? கணக்கு இடிக்காதா?”

“திருப்பலாம் அண்ணே” என்று அழுதேன். “தாராளமாத் திருப்பலாம்.”

என் வாழ்நாளில் காரணமே சொல்லாமல் நான் சொன்ன முதல் விடை அது.

செபாஸ்தியான் என் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். பாதி இறங்கிய வலையை ஏற்றச் சொன்னார். சுற்றிலும் மற்ற படகுகள் மீனை அள்ளிக்கொண்டிருக்க, எங்கள் படகு மட்டும் திரும்பியது. வயர்லெஸ்ஸில் ஒருவர், “என்னடே செபாஸ்தியான், இஞ்சின் கோளாறா?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. “இல்லடே. ஆளு கோளாறு” என்றார் இவர்.

துறைமுகமே வேடிக்கை பார்க்க, வெறும் படகிலிருந்து என்னை இறக்கினார்கள். என்னால் நிற்க முடியவில்லை. செபாஸ்தியான் மகளுக்குப் போன் போட்டார். “மக்கா, உன் சாரு உசிரோட உண்டு. இனியாவது ஒழுங்காத் தின்னு” என்றார். எங்கள் திருமணத்துக்கு அவர் சம்மதம் சொன்னது அவ்வளவுதான்.

குளச்சலில் எனக்குப் பெயர் ‘கணக்கு’. கடற்கரையில் பட்டப்பெயர் ஒட்டினால் மூன்று தலைமுறைக்குப் போகாது. என் மகள் ஞானஸ்நானத்தின் அன்றே ‘கணக்கு மவ’ ஆகிவிட்டாள். அவளுக்கு ஞானத்தகப்பன் சேவியர்தான்.

ஒவ்வொரு வருடமும் தடைக்காலத்தின் முதல் ஞாயிறு, படகு ஆட்கள் எல்லாரும் மாமா வீட்டில் கூடுவார்கள். என்னை எழுந்து நிற்க வைத்து, போனைக் கையில் கொடுத்து, பதினொரு காரணங்களையும் உரக்க வாசிக்கச் சொல்வார் மாமா. (அழித்துவிடலாம் என்றால் பாஸ்வேர்டு மறந்துவிட்டது.) ஒவ்வொரு காரணத்துக்கும் எல்லாரும் சேர்ந்து, “சரியாக்கும்!” என்று கத்துவார்கள். ஸ்டெல்லாதான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்துவாள். பத்து வரைக்கும் நானும் சிரித்துக்கொண்டேதான் வாசிப்பேன்.

இந்த வருடமும் பத்து வரை வாசித்தேன். சேவியர் ஒரு கையில் கறிச்சட்டியும் மறு தோளில் தூங்குகிற என் மகளுமாக நின்றிருந்தார். ‘அந்தச் சமையல்காரனே...’ என்று தொடங்கும் பதினொன்றாவதை வாசிக்க வாயைத் திறந்தேன். வழக்கம்போல வரவில்லை. நடிக்கிறேன் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

“இரும் சாரே” என்றார் சேவியர். “மீனு ஆறுது.”